முத்தையாபுரம் – மொத்தம் எத்தனை எழுத்து?



நம்ம ஊர்ப் பேரை விரல் விட்டு எண்ணுங்க பார்ப்போம். மு, த், தை, யா, பு, ர, ம். மொத்தம் ஏழு எழுத்து. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் இதையே கம்ப்யூட்டரிடம் கேட்டால் ஒரு விதத்தில் 39 என்கிறது. இன்னொரு விதத்தில் கேட்டால் 13 என்கிறது. வேடிக்கை என்னவென்றால் மூன்று விடையும் சரி! அது எப்படி என்றும், புரோகிராம் எழுதும்போது தமிழைச் சரியாகக் கையாள்வது எப்படி என்றும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

கோ என்றொரு மொழி

தமிழில் கோ என்றால் அரசன். ஆனால் இந்தக் கோ ஆங்கிலத்தில் 'போ' என்று பொருள்படும் சொல். கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவர் 2007-இல் இந்தக் கணினி மொழியைத் தொடங்கினார்கள். 2009-இல் எல்லோருக்கும் வெளியிட்டார்கள்.

இது கம்பைலர் உள்ள மொழி. நாம் எழுதிய புரோகிராம் முழுவதையும் கம்பைலர் முதலிலேயே படித்து, கம்ப்யூட்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றிவிடும். அதற்குப் பிறகுதான் ஓடும். கோ மொழியின் கம்பைலர் ரொம்பக் கறார். ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு மாறிக்குப் பேர் வைத்துவிட்டு அதைப் பயன்படுத்தாமல் விட்டால்கூட, "இது எதுக்கு?" என்று கேட்டு நிறுத்திவிடும்.

ஆனால் ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். எழுதின விதம் தப்பு என்றால்தான் கம்பைலர் பிடிக்கும். எண்ணின விதம் தப்பு என்றால் பிடிக்காது. அதை நாம்தான் பார்த்துக்கொள்ளணும்.

39 எப்படி வந்தது?

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அதனால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் யூனிகோட் என்ற ஏற்பாட்டில் ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கிறார்கள். 'ம' என்ற எழுத்தின் எண் 2990.

அந்த எண்ணைச் சேமித்து வைக்கும் முறைக்கு யுடிஎஃப்-8 என்று பேர். 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஓர் உணவு விடுதியில், மேசைமேல் விரித்திருந்த காகிதத்தில் கென் தாம்சன் இதை வரைந்தார். பக்கத்தில் இருந்தவர் ராப் பைக். பின்னாளில் கோ மொழியை உருவாக்கிய அதே இருவர்தான்! இந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'ம' என்பது 224, 174, 174 என்று மூன்று பைட்டாக உட்காரும்.

கோ மொழியில் 'லென்' என்று கேட்டால் அது பைட்டைத்தான் எண்ணும். 13 × 3 = 39.

13 எப்படி வந்தது?

இலக்கண வகுப்பில் க் + உ = கு என்று படித்தோம். மெய்தான் அடிப்படை, உயிர் வந்து சேரும். யூனிகோடில் இது கொஞ்சம் தலைகீழ். அங்கே அடிப்படை 'க'. அதோடு உகரக் குறி சேர்ந்தால் 'கு'. புள்ளி சேர்ந்தால் 'க்'. ஆக 'மு' என்பது ம ஒன்று, குறி ஒன்று என இரண்டு. த், தை, யா, பு, ம் எல்லாமே இரண்டிரண்டு. 'ர' மட்டும் ஒன்று. ஆறு இரண்டு பன்னிரண்டு, ஒன்று சேர்த்தால் 13. இப்படி எண்ணுகிற ஒவ்வொன்றுக்கும் கோ மொழியில் 'ரூன்' என்று பேர்.

உப்பு எவ்வளவு என்று கேட்டால் ஒருத்தர் மூட்டையில் சொல்லுவார், ஒருத்தர் கிலோவில் சொல்லுவார். இரண்டும் பொய்யில்லை. எந்தக் கணக்கு என்று தெரிந்து வைத்துக்கொள்ளணும். அவ்வளவுதான்.

நுணுக்கம் 1: எழுத்தை எண்ணுதல்

அ) எண்ணிக்கை = 0 என்று வை.
ஆ) சொல்லில் உள்ள ரூன்களை ஒவ்வொன்றாக எடு. (ஃபார், ரேஞ்ச் இரண்டையும் சேர்த்து எழுதினால் கோ மொழி தானாகவே ரூன் ரூனாக எடுத்துத் தரும்.)
இ) எடுத்தது துணைக்குறியா, புள்ளியா என்று பார். (இதற்கு 'இஸ்மார்க்' என்ற ஃபங்ஷன் உண்டு.)
ஈ) குறி இல்லை என்றால் மட்டும் எண்ணிக்கையில் 1 கூட்டு.

நம்ம ஊருக்கு இப்போது 7 வரும்!

சொல் – பைட் – ரூன் – எழுத்து
முத்து – 18 – 6 – 3
சங்கு – 15 – 5 – 3
தூத்துக்குடி – 36 – 12 – 6

நுணுக்கம் 2: பேரை வெட்டுதல்

இதுதான் முக்கியமானது. 'முத்துலெட்சுமி' என்ற பேரை எடுத்துக்கொள்வோம். எழுத்து 7, ரூன் 14, பைட் 42. ஒரு ரசீதில் பேருக்கு 32 பைட்தான் இடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 30 பைட்டில் 'முத்துலெட்' வந்துவிடும். மீதி 2 பைட்டில் 'ச' பாதிதான் நுழையும். அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். சரி, ரூன் கணக்கில் 11-இல் வெட்டலாம் என்றால் 'முத்துலெட்ச' என்று ஆகிவிடும். சு போய் ச ஆகிவிட்டது பாருங்க.

வழி இதுதான்: வெட்டப்போகிற இடத்துக்கு அடுத்த ரூன் குறியாக இருந்தால் அங்கே வெட்டக் கூடாது. ஒரு ரூன் பின்னால் போய் மறுபடி பார்க்கணும். இதைவிட நல்ல வழி, இடத்தையே பெரிசாக விடுவது. ரசீதில் ஒரு பேர், சான்றிதழில் ஒரு பேர் என்று இருந்தால் அலையப்போவது நம்ம அம்மாமார்தானே?

நுணுக்கம் 3: திருப்புதல்

'விகடகவி' எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். ஆனால் ரூன் ரூனாகத் திருப்பினால் வரிசை இப்படி ஆகும்: இகரக் குறி, வ, க, ட, க, இகரக் குறி, வ. முதல் குறி ஆதரவில்லாமல் நிற்கும், நடுவில் 'கி' முளைக்கும். அதனால் முதலில் எழுத்து எழுத்தாகப் பிரித்து, பிறகு திருப்பணும்.

நுணுக்கம் 4: ஒப்பிடுதல்

நம்ம பக்கத்துப் பழைய முத்துத் துறைமுகம் கொற்கை. இதில் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே ரூனாக வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு ரூனாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்று 18 பைட், மற்றது 21 பைட். "இரண்டும் சமமா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். பட்டியலில் பேர் இருந்தும் "பேர் இல்லை" என்று சொல்லிவிடும்! ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றணும். அதற்கு 'நார்ம்' என்று தனித் தொகுப்பு இருக்கிறது.

நுணுக்கம் 5: அகர வரிசை

யூனிகோடில் 'ந'வுக்கு அடுத்து 'ன', அதற்கு அடுத்துத்தான் 'ப'. நம்ம நெடுங்கணக்கிலோ 'ன' கடைசி. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் 'கனி' முதலிலும் 'கப்பல்' பிறகும் வரும். அகராதிப்படி கப்பல்தான் முதலில். எனவே தமிழ் வரிசையை நாமே ஒரு பட்டியலாகக் கொடுத்து, அதைப் பார்த்து அடுக்கச் சொல்லணும்.

உங்களுக்குத் தெரியுமா?

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு 16 பிட் என்பதால் 70 ரூன்தான்.

செய்து பாருங்கள்

கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேப்பரும் பென்சிலும் போதும். 
1. 'உப்பளம்' – பைட், ரூன், எழுத்து எத்தனை? 
2. ரூனும் எழுத்தும் சமமாக வருகிற ஒரு சொல் சொல்லுங்கள். 
3. உங்கள் பேரை இந்த மூன்று விதமாகவும் எண்ணி எழுதுங்கள்.

தமிழுக்கு 247 எழுத்து என்று நமக்குத் தெரியும். புரோகிராம் எழுதுகிறவருக்கு அது தெரிந்திருந்தால்தான் கம்ப்யூட்டருக்கும் தெரியும். நாளைக்கு அதை எழுதப்போகிறவர் நம்ம வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்!



– 9-ஆம் வகுப்பு மாணவி

(விடை: 1. பைட் 21, ரூன் 7, எழுத்து 5. 2. பல)