அயிலை மீனும் அலர்ஜி மாத்திரையும்

கேள்வி: அயிலை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணியில் எனக்கும் மாமியாருக்கும் முகம் சிவந்து, தலை வலித்து, வயிற்றுப்போக்கும் வந்தது. டாக்டர் செட்ரிசின் கொடுத்தார். வயிற்றுக்கோளாறுக்கு எதற்கு அலர்ஜி மாத்திரை?
– ஒரு வாசகி, சித்தூர்

பதில்: சரியான மாத்திரைதான். குடலின் உட்சுவரில் மாஸ்ட் செல்கள் நிறைய உண்டு. ஒவ்வாத உணவு பட்டால் அவை ஹிஸ்டமினைக் கொட்டும். குடல் இறுகி வலிக்கும், நீர் கசிந்து பேதியாகும். ஆனால் உங்கள் வீட்டில் மாஸ்ட் செல்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அலர்ஜி வருவது அபூர்வம்! அயிலை, சூரை போன்ற மீன்களை ஐஸில்லாமல் வைத்தால், பாக்டீரியாக்கள் மீனின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஹிஸ்டமின் எங்கிருந்து வந்தாலும், அது செல்களின் ஏற்பியில் ஒட்டாமல் செட்ரிசின் தடுக்கும்; அதனால்தான் அந்த மாத்திரை. நாக்கில் மிளகு பட்டதுபோலச் சுருக்கென்றிருந்தால் அந்த மீனை ஒதுக்கிவிடுங்கள். சித்தூரில் கடல் இல்லை. மீன் வண்டியில்தான் வருகிறது. விலை கேட்பதற்கு முன் ஐஸைப் பாருங்கள்.

வயிற்றில் அமிலம் சுரக்கவும் ஹிஸ்டமின்தான் தூண்டுகிறது, ஆனால் வேறு ஏற்பி வழியாக. அதை அடைக்கும் சிமெடிடினை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அது வேறு மாத்திரை. செட்ரிசினுக்குப் பதில் அதைப் போடாதீர்கள்.

நல்ல மீன் சாப்பிட்டும் உங்களுக்கு மட்டும் இப்படி வந்தால், திருப்பதி ஸ்விம்ஸிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ காட்டுங்கள். மூச்சுத் திணறினால் மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐ அழையுங்கள்.