வார்சா: சரணும் சாம்பலும்

மதில் காப்போரின் மறத்தைப் பேசுவது நொச்சித் திணை. மதில் வீழ்ந்தபின், வென்ற வேந்தன் பகைவர் மண்ணில் கழுதை பூட்டி உழுதமையைப் புறநானூறு சுட்டும். அது பண்டைய போர்முறை என்று நாம் கடந்துவிட இயலாதவாறு, இருபதாம் நூற்றாண்டில் ஒரு தலைநகருக்கு அந்நிலை நேர்ந்தது. போலந்தின் வார்சா நகரையே ஈண்டுக் குறிக்கின்றோம். 1943இல் அங்கு அடைத்து வைக்கப்பட்டிருந்த யூதர்கள் கிளர்ந்தெழுந்தது வேறு. நாம் நோக்குவது 1944 ஆகஸ்ட் 1ஆம் நாள் போலந்தின் தாயகப் படையினர் செருமானியருக்கு எதிராகத் தொடங்கிய எழுச்சியாகும்.

அது 63 நாள்கள் நீடித்தது. விஸ்துலா ஆற்றின் கீழ்க்கரையைச் செப்டம்பரில் அடைந்த சோவியத் படையிடமிருந்து போதிய உதவி வரவில்லை. இதன் காரணம் பற்றி வரலாற்றறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. உணவும் நீரும் மருந்தும் அற்ற நிலையில், அக்டோபர் 2ஆம் நாள் சரண் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் அதற்குள் மாண்டிருந்தனர்.

சரண் என்பது நமக்குச் சமய நூல்களில் பயின்ற சொல். அடைந்தவரைக் காக்கும் கடமையையும் அது உள்ளடக்கும். வார்சாவின் உடன்படிக்கையில் அக்காப்பு யார்க்குக் கிடைத்தது? படைவீரர்க்குக் கிடைத்தது. 1929ஆம் ஆண்டு செனீவா ஒப்பந்தப்படி அவர்கள் போர்க்கைதிகளாக ஏற்கப்பட்டனர். பெண் வீரர்க்கும் அவ்வுரிமை உண்டாயிற்று. ஓபர்லாங்கன் முகாமில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 1,700 பெண்களை 1945 ஏப்ரலில் போலந்துக் கவசப்படையே விடுவித்தது.

குடிமக்கள் நிலை வேறு. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். புருஷ்கூவ் இடைத்தங்கல் முகாமில் அவர்கள் வகை பிரிக்கப்பட்டனர். பலர் கட்டாய உழைப்புக்கும், பல்லாயிரவர் வதைமுகாம்களுக்கும் அனுப்பப்பட்டனர்.

ஆளற்ற நகரை ஹிம்லரின் ஆணைப்படி தீவைப்புக் குழுக்களும் வெடிவைப்புக் குழுக்களும் தெருத்தெருவாக அழித்தன. போர் ஓய்ந்த பின்னர் செய்யப்பட்ட அழிவு இது என்பதே நம் நெஞ்சை உறுத்துகின்றது. கலைப்பொருள்களையும் பண்பாட்டுச் செல்வங்களையும் வெளியேற்ற இடமளிக்கும் கூறு ஒன்று உடன்படிக்கையில் இருந்தது. ஆயினும் அவ்வக்டோபரிலேயே கிராசின்ஸ்கி நூலகம் எரிக்கப்பட்டது. பாதுகாப்புக் கருதி அங்குத் திரட்டி வைக்கப்பட்டிருந்த அரிய சுவடிகளும் பழைய அச்சு நூல்களும் வெந்தன. ஓரிடத்தில் சேர்த்ததே அழிவுக்கு வழியாயிற்று!

எனினும் அக்கூற்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு, அருங்காட்சியக அறிஞர் ஸ்தானிஸ்வாவ் லோரென்ட்ஸ் தலைமையில் நூலகரும் பேராசிரியரும் புருஷ்கூவிலிருந்து அழியும் நகருக்குள் சென்று வந்தனர். 1945 சனவரி வரை, எஞ்சிய நூல்களைப் பெட்டிகளில் அடைத்து வெளியே அனுப்பினர். எழுச்சியின் வீரம் பாடப்படும் அளவுக்கு இவர்தம் தொண்டு பேசப்படுவதில்லை.

1945 சனவரி 17இல் சோவியத், போலந்துப் படைகள் நுழைந்தபோது நகரின் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது. தாயகப் படையின் இறுதித் தளபதி ஒகுலிட்ஸ்கி அவ்வாண்டே மாஸ்கோவில் தண்டிக்கப்பட்டார். 1946இல் சிறையில் இறந்தார். எழுச்சிக்குரிய பெரும் நினைவுச் சின்னம் 1989இல்தான் திறக்கப்பட்டது. அது நிற்கும் கிராசின்ஸ்கி சதுக்கத்திலேயே அமைந்த அரண்மனையில், எரிந்த நூல்களின் சாம்பலை ஒரு கலத்தில் இட்டுக் காத்து வருகின்றனர்.