பழைய கூடை லாரி: சீர்செய்வதா, மாற்றுவதா?

கேள்வி: தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்த வேலை செய்கிறேன். ஆளைத் தூக்கும் கூடை லாரிக்கு வயதாகிவிட்டது, ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகுகிறது. பிரித்துச் சீர்செய்யலாமா, புதிதே வாங்கலாமா?
- வாசகர், சார்ஜா

பதில்: ஒழுகலை வைத்து முடிவெடுக்காதீர்கள். சீலும் ஹோஸும் தேயத்தான் செய்யும்; வளைகுடா வெயிலில் ரப்பர் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். மாற்றினால் தீர்ந்தது. பார்க்க வேண்டியது இரும்பை. கூடையைத் தூக்கும் கையான பூமின் அடி வெல்டிங், சுழல்மேடை போல்ட்டுகள், சேஸிஸின் கீழ்ப்பக்கம். கடற்காற்றின் உப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அரிக்கும். பெயின்ட்டைச் சுரண்டி விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். பூமில் விரிசல் என்றால் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டாம். மேலே நிற்பவன் மனிதன்.

பூம் நன்றாக இருந்து சேஸிஸ் மட்டும் போயிருந்தால் புதிய சேஸிஸில் ஏற்றலாம். ஆனால் எடைக் கணக்கு, சாயாமல் நிற்கும் சோதனை, மூன்றாம் தரப்புச் சான்றிதழ் எல்லாம் மறுபடி வேண்டும். தயாரித்த கம்பெனி உதிரிபாகத்தை நிறுத்திவிட்டதா? யோசிக்காமல் வண்டியையே மாற்றுங்கள். உங்கள் ஊர் இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் கிடைக்கும் பழைய பாகம் இன்ஜினுக்குச் சரி, பூமுக்கு ஆகாது.

சீர்செய்வதானால் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரையில் வைத்துக்கொள்ளுங்கள். பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருப்பதால், வண்டி எப்படியும் கொஞ்சம் சும்மா நிற்கும் காலம் அது.