ஊரின் விதியும் மாநிலத்தின் சட்டமும்

அடுக்குமாடி வீடு வாங்குவோர் தம் பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம்’ என்னும் தொடரைக் காண்பர். மனையின் விலையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதை அது குறிக்கிறது. ஒரு மனையில் ஒரு குடும்பமே வாழலாம் என விதித்தால், நிலத்தின் விலை முழுவதும் அக்குடும்பத்தையே சாரும். வீட்டுக்கடனும் அதற்கேற்பப் பெருகும். அமெரிக்கப் புறநகர்கள் பலவற்றில் நிலைமை இதுவே.

எந்த மனையில் எதைக் கட்டலாம் என்பதை அங்கு பெரும்பாலும் அந்தந்த ஊரே மண்டல விதிகளால் வரையறுக்கிறது. 1926-இல் யூக்ளிட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்வதிகாரத்தை ஏற்றது. தனிவீடுகளின் நடுவே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை அத்தீர்ப்பு ஒட்டுண்ணி என்றே வருணித்தது. வாடகைக்குக் குடியிருப்போர் அதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பரோ!

மாசசூசெட்ஸ் மாநிலம் 1969-இலேயே இவ்வதிகாரத்திற்கு ஓர் எல்லை வகுத்தது. ஓர் ஊரின் வீடுகளில் குறைந்த, நடுத்தர வருவாயினருக்கு உரியவை 10 விழுக்காட்டை எட்டவில்லையெனில், அத்தகைய வீடுகளைக் கட்ட முன்வருவோர் உள்ளூர் அனுமதிகள் அனைத்தையும் ஒரே விண்ணப்பத்தில் கோரலாம். ஊர் வாரியம் மறுத்தால் மாநிலக் குழுவிடம் முறையிடலாம். இச்சட்டத்தை நீக்கக் கோரிய முயற்சி 2010-ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பில் தோற்றது.

2021-இல் மற்றொரு சட்டம் வந்தது. போஸ்டன் நீங்கலாக, அந்நகரின் போக்குவரத்துச் சேவையோடு தொடர்புடைய 177 ஊர்கள், ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடுகள் வீதம் பல குடும்பக் குடியிருப்புகளைத் தனி இசைவின்றிக் கட்ட இடமளிக்கும் பகுதி ஒன்றை வகுக்கவேண்டும். யாரையும் கட்டும்படி அது வற்புறுத்தவில்லை. தடையை மட்டுமே விலக்குகிறது. அப்பகுதியில் ‘முதியோருக்கு மட்டும்’ என்னும் வரம்பும் கூடாது. இதன் காரணம் கவனிக்கத்தக்கது: அங்கு பள்ளிச் செலவில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், குழந்தைகளுள்ள குடும்பங்கள் பெருகுவதைச் சில ஊர்கள் அஞ்சுகின்றன. அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. பள்ளியில் இடம் குறைந்தால் தவிப்பது அவ்வூராரே.

மில்டன் என்னும் ஊரின் பேரவை இச்சட்டத்திற்கேற்ப விதிகளைத் திருத்தியது. 2024 பிப்ரவரியில் ஊரார் வாக்களித்து அத்திருத்தத்தை நீக்கினர். கட்டப்படவிருந்த வீடுகளில் குடியேறக்கூடிய வெளியூராருக்கு அங்கு வாக்கில்லை. மாநிலத் தேர்தலில் உண்டு. மாநிலத்தின் தலையீட்டுக்கு உரிய வலுவான நியாயம் இதுவே என்று தோன்றுகிறது.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2025 ஜனவரியில், சட்டம் செல்லும், தலைமை வழக்கறிஞர் அதை நடைமுறைப்படுத்தலாம் என்று தீர்ப்பாயிற்று. ஆயினும் அதன்கீழ் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உரிய நடைமுறைப்படி இயற்றப்படாமையால் அவை செல்லாதவையாயின. மாநில அரசு அதே மாதத்தில் புதிய விதிகளை வெளியிட்டது.