திரைக்காட்சி முறைகளுள் எதனைக் கொள்வது?

லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களில், திரைமீது சாளரங்களை எழுப்புவதும், விசைப்பலகையில் தட்டியதை உரிய சாளரத்திற் சேர்ப்பதும் ஒரு தனி ஏற்பாட்டின் தொழிலாம். இவ்வேற்பாடு இன்று இருவகைத்து. பழையது எக்ஸ், 1984-இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பிறந்து, 1987 முதல் பதினோராம் பதிப்பாகவே வழங்குவது. புதியது வேலண்ட், 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பார் தொடங்கியது.

இவற்றுள் எதனைக் கொள்வதென்னும் வினா நம்மனோர்க்குப் புறம்பன்று. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இடம்பெற்றது.

பெருமுக்கலினின்று மரக்காணம் செல்வார் காணும் உப்பளங்களைக் கொண்டே வேறுபாட்டை உணரலாம். எக்ஸ் வரப்பில்லாப் பாத்திகளை ஒக்கும். ஒரு சாளரத்தில் தட்டும் எழுத்தை அத்திரையிலுள்ள பிறிதொரு நிரல் இசைவின்றியே அறியலாம். அதன் படத்தையும் கவரலாம். எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டு ஒருபால் ஓட, மறுபால் உதவித்தொகைக்காக வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டும் மாணவனுக்கு இஃது அற்பமன்று. வேலண்டோ நிரல்களிடையே வரப்பிடுகின்றது. திரையைப் பிறர்க்குக் காட்டவேண்டின் முதற்கண் பயனரின் இசைவைக் கேட்கும். (இவ்வரப்பு திரைக்கும் விசைக்குமே, கோப்புகளுக்கன்று.)

ஆயின், வரப்பிட்டால் வேண்டிய நீரும் நின்றுவிடும். தமிழ்99 முறையில் ககரத்தின்பின் இகரந் தட்டினால் 'கி' என்றாதல் வேண்டும்; ககரத்தை இருமுறை தட்டினால் 'க்க' எனப் புள்ளி தானே விழுதல் வேண்டும். விசைக்கும் சாளரத்துக்கும் இடைநின்று இதனைச் செய்வன ஐபஸ், எஃப்சிடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு நிரல்கள். வேலண்டில் இவற்றுக்கு மேசைச்சூழலே மடை திறந்துவிடல் வேண்டும். குனோமில் ஐபஸ் இணைந்தே வருகின்றது. கே.டி.இ.யிலோ அமைப்புகளுள் 'மெய்நிகர் விசைப்பலகை' என்னும் பகுதியில் அதனை நாமே தெரிந்து வைத்தல் வேண்டும். பெயரைக் கண்டு தொடுதிரைக்குரியதென அதனைக் கடந்து செல்வார் பலர்; பின்னர்த் தமிழ் வரவில்லையென்று புதுமுறையைப் பழிப்பர்!

தொலைவிலுள்ள கணினியில் ஓடும் நிரலின் சாளரத்தை இங்கே வருவித்தல் எக்ஸின் பழஞ்சிறப்பு. வேலண்டுக்கு அஃது இயல்பிலில்லை.

காலமோ புதியதன் பக்கலது. 2024-இல் கே.டி.இ. பிளாஸ்மா 6 வேலண்டையே முதன்மையாகக் கொண்டது; 2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10 குனோமின் எக்ஸ் அமர்வை நீக்கிற்று. பழைய நிரல்கள் எக்ஸ்வேலண்ட் என்னும் இடையீட்டால் இன்னும் ஓடுகின்றன. எனினும் அதனுள் ஓடுவனவற்றிடையே பழைய வரப்பின்மை அவ்வாறே உள்ளது.

பழைய மடிக்கணினியில் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய சூழலைக் கொண்டோர் எக்ஸிலேயே இருக்கலாமென்பது எம் கருத்து. ஏனையோர், இரண்டும் உள்ள கணினியாயின், உள்நுழையுந் திரையில் வேலண்டைத் தெரிந்து, சொற்செயலி, உலாவி, முனையம் ஆகிய மூன்றிலும் ஒரு பக்கந் தமிழ் தட்டிப் பார்க்க. மூன்றிலும் 'க்க' பிழையின்றி விழின் பழையதற்கு மீளவேண்டா.