பழைய படகுக்கு எந்த எஞ்சின்?

காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக் கரைகளில் 18 அடியை ஒட்டிய பைபர் படகுகளே பலருக்கும் பிழைப்பு. புதிது வாங்க வசதியற்ற குடும்பம் பழையதொன்றை வாங்கித் திருத்துகிறது. எஞ்சினுக்காக வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகிறது. அந்த நகை மீள்வது பெரும்பாலும் எஞ்சின் தெரிவிலேயே தங்கியிருக்கிறது. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுபவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை (லூக். 14) நமக்கும் பொருந்தும்.

கடைக்குப் போகுமுன் படகின் பின்பலகையைப் பாருங்கள். எஞ்சினின் கனமும் உந்தலும் அதன்மேலேயே விழுகின்றன. பைபருக்குள் மரப்பலகை இருக்கும். பழைய எஞ்சின் பூட்டிய துவாரங்களால் நீர் புகுந்து, மரம் உளுத்திருந்தாலும் வெளிப்புறம் மினுங்கும். சிறு சுத்தியலால் தட்டினால் உறுதியான ஓசை வரவேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே பழுது. அதை மாற்றாமல் எஞ்சின் பூட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பின்பலகையின் உயரத்தையும் அளந்து கொள்ளுங்கள். ஏறக்குறைய 15 அங்குலமாயின் குட்டைத் தண்டு, 20 அங்குலமாயின் நெட்டைத் தண்டு. உயரமான பலகையில் குட்டைத் தண்டைப் பூட்டினால் விசிறி காற்றை இழுத்து வீணே சுழலும். தாழ்ந்த பலகையில் நெட்டைத் தண்டோ படகைக் கரையேற்றும்போது மணலில் அடிபடும். நாமோ மணற்கரையில் ஏற்றி இறக்குபவர்கள். (2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம் மணலால் அடைபட்ட கதையை அறியாதவர் யார்?) ஆகவே கனம் குறைந்த, எளிதில் தூக்கி மடிக்கக்கூடிய எஞ்சினே நமக்கு உகந்தது.

இனி வலு. அயலவர் 40 குதிரைவலு பூட்டினார் என்பதற்காக நாமும் பூட்டுவது மடமை. வலையும் மீனும் ஏற்றி நீரைப் பிளந்து செல்லும் 18 அடிப் படகின் இயல்பான வேகம் மணிக்கு ஏறக்குறைய 6 கடல்மைல்தான். அதற்குமேல் ஓட, படகு நீர்மட்டத்தில் எழும்பி வழுக்க வேண்டும். பாரம் ஏற்றிய படகை எழுப்ப எரிபொருள் பன்மடங்கு செலவாகும். ஆயினும் வாடைக் காலத்தில் உடையும் அலையைத் தாண்டச் சற்று வலு கையிருப்பில் இருக்கவேண்டும். கரையோரத் தொழிலுக்கு 15, தூரக் கடலுக்கு 25 என்பது எனது கணிப்பு.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 20 லீற்றர் எரித்தவருக்கு 1,740 ரூபாச் செலவு ஒரே இரவில் 6,800 ஆயிற்று. நான்கடிப்பு எஞ்சின் எரிபொருளை மிச்சம் பிடிக்கும்; ஆனால் விலையும் கனமும் கூட, பெற்றோலும் வேண்டும். ஈரடிப்பு மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியபின் மாற்றவேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் சற்று ஓடவிட்டால் மறுநாள் இலகுவாகக் கிளம்பும். எதுவாயினும், உதிரிப்பாகம் கல்முனையிலேயே கிடைக்கும் இனமா என்று முதலில் விசாரியுங்கள்.

பாவித்த எஞ்சின் வாங்குவதானால், ஓடும்போது குளிர்நீர் பீச்சி வருகிறதா எனப் பாருங்கள். நிறுத்தியபின் கியர் எண்ணெய்த் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே கடல்நீர் புகுந்திருக்கிறது. அந்தத் திருத்தச் செலவைக் கழித்தே விலை பேசுங்கள்.