லாக் இருந்தது, யாரும் பார்க்கவில்லை!



2019 ஜூலை 17. அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்றான கேபிடல் ஒன்னுக்கு, வெளியாள் ஒருவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. வங்கியின் டேட்டா கசிந்து, அதன் தடயம் கிட்ஹப்பில் கிடக்கிறது என்பதுதான் சாரம். வங்கி தன் லாக்கைத் திறந்து பார்க்கிறது. திருடியவர் என்ன கட்டளை கொடுத்தார், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வந்தார், எல்லாம் அதிலேயே பதிவாகி இருந்தது! தேதி: மார்ச் 22, 23. அதாவது 117 நாளாக அந்தத் தடயம் வங்கியின் கையிலேயே இருந்திருக்கிறது.

இழப்பு சின்னது இல்லை. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் போயின. 2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் போட்டது.

எப்படி உள்ளே வந்தாங்க?

வங்கி அமேசானின் கிளவுட்டில் (ஏ.டபிள்யூ.எஸ்.) இயங்கியது. அங்கே ஒரு வெப் ஃபயர்வாலின் அமைப்பில் தவறு இருந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை அது தன் பெயரிலேயே உள்ளே அனுப்பிவிடும். ஏ.டபிள்யூ.எஸ். சர்வர் ஒவ்வொன்றுக்குள்ளும் 169.254.169.254 என்று ஒரு முகவரி உண்டு. அந்தச் சர்வருக்குக் கொடுக்கப்பட்ட ரோலின் தற்காலிகச் சாவிகள் அங்கேதான் கிடைக்கும். வெளியாள் அந்த முகவரியை நேரடியாகத் தொட முடியாது. ஆனால் ஃபயர்வாலை ஏமாற்றி, அதன் மூலமாகவே கேட்கவைத்தார். சாவி கையில் வந்துவிட்டது.

அந்த ரோலுக்கு எஸ்-3 பக்கெட்டுகளைப் பட்டியலிடவும் படிக்கவும் அனுமதி இருந்தது. ஒரு ஃபயர்வாலுக்கு எதுக்குங்க அந்த அனுமதி? 700-க்கும் மேற்பட்ட பக்கெட், ஃபோல்டர்களின் பட்டியல் வந்தது. அடுத்த கட்டளையில் டேட்டா இறங்கத் தொடங்கியது. (அதே ஆண்டு நவம்பரில் ஏ.டபிள்யூ.எஸ்., முதலில் டோக்கன் வாங்கினால்தான் சாவி தரும் புதிய முறையைக் கொண்டுவந்தது.)

பதிவு வேறு, கண்காணிப்பு வேறு

சி.சி.டி.வி. கேமரா வைத்துவிட்டு, திரையைப் பார்க்க ஆள் போடாமல் விட்டால் எப்படி? திருட்டு நடந்த பிறகு பார்க்க உதவும், திருடனை நிறுத்த உதவாது. ரியல்-டைம் கண்காணிப்பு என்பது மூன்று வேலை சேர்ந்தது: நிகழ்வுகளைச் சேகரிப்பது, வழக்கமான நடத்தையோடு ஒப்பிடுவது, வித்தியாசம் தெரிந்தவுடன் செயல்படுவது. முதல் வேலையோடு நின்றுவிட்டால் அது வெறும் பதிவுதான்.

இந்தச் சம்பவத்தில் எந்த விதிகள் மணி அடித்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

1. சர்வரின் சாவி, அந்தச் சர்வருக்கு வெளியே உள்ள ஐ.பி.யிலிருந்து பயன்படுகிறது.
2. ஃபயர்வாலின் ரோல், வழக்கமாகச் செய்யாத ஒரு வேலையாகப் பக்கெட்டுகளைப் பட்டியலிடுகிறது.
3. கோரிக்கை டோர் போன்ற முகம் மறைக்கும் நெட்வொர்க் வழியாக வருகிறது.

மனிதர்கள் எப்போது என்ன செய்வார்கள் என்று சொல்வது கஷ்டம். ஆனால் ஒரு ஃபயர்வால் தினமும் ஒரே வேலையைத்தான் செய்யும். அதனால் அதன் நடத்தை மாறினால் கண்டுபிடிப்பது எளிது. ஏ.டபிள்யூ.எஸ்.-இன் கார்டுடியூட்டி என்ற சேவை முதல் விதியையும் மூன்றாம் விதியையும் நமக்காகவே பார்க்கிறது.

இதில் சிக்கலும் உண்டு. எல்லாவற்றுக்கும் அலர்ட் வைத்தால் நாளுக்கு ஆயிரம் வரும், நூறாவதுக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். சாவியைத் தானாகவே முடக்கும்படி செய்தால், ஒரு தவறான அலர்ட்டே நல்ல சேவையை நிறுத்திவிடும். எனவே குறைவான, ஆனால் ஒலித்தால் எழுந்து ஓட வேண்டிய விதிகளாகப் பார்த்து வைப்பதே நல்லது.

உங்க அக்கவுண்டில் செய்து பாருங்க

ப்ராஜெக்டுக்காக ஏ.டபிள்யூ.எஸ். அக்கவுண்ட் வைத்திருக்கிறீர்களா? ஆக்சஸ் கீயைத் தெரியாமல் கிட்ஹப்பில் போட்டுவிட்டால், அதைத் தேடியே அலையும் நிரல்கள் உண்டு. உங்கள் கணக்கில் சர்வர்களை ஓட்டிக் காயின் மைனிங் செய்வார்கள். பில் அலர்ட் இருக்கே என்று நினைக்காதீங்க. கட்டண விவரம் பல மணி நேரம் தாமதமாகத்தான் வரும்.

அதனால் இதைச் செய்யுங்கள்:

- ரூட் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.
- கிளவுட்டிரெயிலில் ஒரு ட்ரெயில் உருவாக்குங்கள். முதல் ட்ரெயிலில் மேலாண்மை நிகழ்வுகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை, எஸ்-3 சேமிப்புக்கு மட்டும் சிறு தொகை. பக்கெட்டில் உள்ள ஃபைலை யார் படித்தார்கள் என்பது தானாகப் பதிவாகாது, அதைத் தனியாக இயக்க வேண்டும்.
- எஸ்.என்.எஸ்.-இல் ஒரு டாபிக் உருவாக்கி உங்கள் மெயிலைச் சேருங்கள். வரும் கன்ஃபர்ம் லிங்க்கைக் கிளிக் பண்ண மறக்காதீங்க.
- புதிய ஆக்சஸ் கீ உருவானால் அந்த டாபிக்குக்குத் தகவல் போகும்படி ஈவென்ட்பிரிட்ஜில் ஒரு ரூல் எழுதுங்கள். டாபிக், ரூல் இரண்டையும் வடக்கு வர்ஜீனியா ரீஜனில் வையுங்கள். பயனர், சாவி தொடர்பான நிகழ்வுகள் அங்கேதான் பதிவாகும். மும்பையில் ரூல் வைத்துவிட்டு மெயில் வரலையே என்று காத்திருக்க வேண்டாம்.

பிறகு சோதனைக்கு ஒரு பயனரை உருவாக்கி, அவருக்கு ஒரு கீ எடுங்கள். சில நிமிடங்களில் மெயில் வர வேண்டும். வந்ததும் அந்தக் கீயை அழித்துவிடுங்கள்.

நாளை ஏதாவது ஒரு நிறுவனத்தில் நீங்கள் வேலைக்குச் சேரும்போது, "எங்ககிட்ட எல்லா லாக்கும் இருக்கு" என்று சொல்வார்கள். அப்போது தயங்காமல் கேளுங்கள்: "சரிங்க, அதை யார் பார்க்கிறாங்க?"